புத்தகத்தில் இல்லாத கண்ணாடி

“…மூணு தடவை பொரட்டிப் பாத்துட்டேனுங்க. அந்தப் பொம்பள எந்த எடத்துலயும் கண்ணாடி முன்னால நிக்கவே இல்லீங்க.”

என் மனைவி இதைச் சொன்னது எஸ்டேட் ஸ்டோரில், காப்பிக்கொட்டை பொறுக்கும் மற்றப் பெண்களுக்கு நடுவில். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. முறத்திலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை. கையில் புத்தகத்தோடு மூட்டை மேல் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் காது அடைத்துப் போனது.

அந்த ஸ்டோரில் மூட்டை எடை போடுவது என் வேலை. பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. மற்றதெல்லாம் பழைய பேப்பர் கடைப் புத்தகங்களில் படித்ததுதான். கறுத்தது, உடைந்தது, பூச்சி துளைத்தது என்று பெண்கள் கொட்டையைப் பிரித்துக்கொண்டிருக்க, மத்தியானத்தில் நான் ஏதாவது வாசித்துக் காட்டுவேன். “கை வேல செய்யுது, காது சும்மாத்தான கெடக்குது, அதுக்கும் ஏதாச்சும் போடுங்க” என்பார் ஒரு அம்மா. இப்படிப்பட்ட பேச்சைக் கேட்பதற்காகவே நான் அங்கே உட்கார்ந்திருப்பேன் என்பதும் உண்மை.

போன சீசனில் வாசித்தது ஓர் அமெரிக்கக் குறுநாவல், யாரோ தமிழில் மொழிபெயர்த்தது, அட்டை கிழிந்துபோனது. உலகப் போர் முடிந்த சமயம். ஒரே வீடு, இரண்டே நாள். மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் முதல் நாளே வந்து தங்குகிறார்கள். பெண்ணின் அப்பாவும் அம்மாவும் பல வருடமாக நேராகப் பேசிக்கொள்வதில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட மகளிடம்தான் கேட்பார்கள். “அங்கியும் இதே ஊட்டுச் சங்கதிதானா” என்று எங்கள் பெண்களுக்கு ஏக சந்தோஷம்.

நடுவில் கதை மெதுவாகிவிட்டது. அந்த அம்மா இரண்டு பக்கத்துக்கு மேசைத் துணியை இஸ்திரி போடுகிறாள். கேட்டவர்கள் கொட்டாவி விட்டார்கள். கொட்டாவியை என்னால் தாங்க முடியவில்லை. அதற்காக நான் செய்த காரியத்தைத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

அப்போது எங்கள் மகளுக்கும் சம்பந்தம் பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் மலைக்குக் கீழே சேலத்தில் கடை வைத்திருப்பவர்கள். என் மனைவி பிறந்தது மலைமேல் வாழவந்திப் பக்கம், எஸ்டேட் கூலிகளின் லைன் வீட்டில். டவுன்காரர்கள் முன்னால் வாய் குழறிவிடுமோ என்று அவளுக்கு உள்ளுக்குள் பயம். ஒரு காலையில் நான் வீட்டுக்குள் நுழையப்போனபோது கண்ணாடி முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தாள். “வாங்க சம்பந்தி. வளைவுல தல சுத்துச்சுங்களா? எலுமிச்சம்பழம் வெச்சிருக்கேனுங்க.” ஒரு தடவை சிரித்துச் சொன்னாள், ஒரு தடவை சிரிக்காமல். முந்தானையை இழுத்துவிட்டு மறுபடியும் சொன்னாள். நான் சத்தமில்லாமல் பின்வாங்கினேன். அதுவரை நான் யோக்கியன்தான்.

இரண்டு நாள் கழித்து, அவள் நிச்சயதார்த்தத்துக்குப் புடவை எடுக்கச் சேலம் போயிருந்த மத்தியானம், அந்த அமெரிக்கக்காரியைக் கண்ணாடி முன்னால் நிறுத்தினேன். சிரித்து ஒரு தடவை, சிரிக்காமல் ஒரு தடவை. தலைசுற்றலையும் எலுமிச்சம்பழத்தையும்கூட மாற்றவில்லை. புத்தகத்தில் இருப்பதாகவே பக்கத்தைப் புரட்டினேன். பெண்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். எனக்கு அது நொம்பவும் இனித்தது.

நிச்சயதார்த்தத்துக்கு ஸ்டோர்ப் பெண்கள் இரண்டு பேர் ஒத்தாசைக்கு வந்திருந்தார்கள். சம்பந்தி வீட்டு வேன் வந்து நின்றது. என் மனைவி வாசலுக்குப் போய் அழகாகத்தான் ஆரம்பித்தாள். தலை சுத்துச்சுங்களா என்று அவள் கேட்டதும், பின்னால் ஒருத்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். இன்னொருத்தி, “அமெரிக்காக்காரி வந்துட்டாடி” என்றாள். மெதுவாகச் சொன்னதாக அவளுக்கு நினைப்பு. என் மனைவி திரும்பி அவர்களைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். மீதி வார்த்தை வரவில்லை. பழத்தட்டை மட்டும் நீட்டினாள்.

அன்று முழுக்க அவள் வாய் திறக்கவில்லை. கிளம்பும்போது மாப்பிள்ளையின் அம்மா என்னிடம், “சம்பந்தியம்மாவுக்கு எங்களப் புடிக்கலீங்களா? ஒரு வார்த்த பேசலீங்களே” என்று கேட்டார். அந்த நேரத்திலாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். “அவ ஊமைக்கோட்டானுங்க, நீங்க ஒண்ணும் மனசுல வெக்காதீங்க” என்றேன். காப்பித் தட்டோடு அவள் கதவுக்குப் பின்னால் நின்றதை அப்புறம்தான் பார்த்தேன்.

சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். அந்தப் பெண்களிடம் என்ன விசாரித்தாளோ தெரியாது. என்னிடம் புத்தகத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். உலை கொதிக்கிற நேரத்திலெல்லாம் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தாள். திங்கட்கிழமை அவளே ஸ்டோருக்கு எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு பிரித்தபோதுதான், முதலில் எழுதினேனே, அந்த வார்த்தையைச் சொன்னாள்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது தன் குரலைத்தான் காட்டிக்கொடுக்கிறது. நான் காட்டிக்கொடுத்தது இன்னொருத்தியின் குரலை.

முறங்கள் நின்றுவிட்டன. சிரித்தவள் தலை குனிந்து ஒரே கொட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அது நாஞ் சேத்துனதுங்க” என்றேன், யாரைப் பார்த்தென்று இல்லாமல். கட்டின மனைவிக்கு நான் ‘ங்க’ போட்டது அதுதான் முதல் தடவை. யாரும் சிரிக்கவில்லை.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே காப்பிக் களத்துக்குப் போனாள். இடுப்பிலிருந்து போனை எடுத்து மாப்பிள்ளையின் அம்மாவைக் கூப்பிட்டாள். “ஏனுங்க சம்பந்தி, நாந்தானுங்க பேசறேன்” என்றது கேட்டது. பேசிக்கொண்டே களத்தைத் தாண்டி, அடுத்த சொல் என் காதில் விழாத தூரத்துக்கு நடந்து போனாள்.