கவிழ்த்து வைத்த டம்ளர்

இட்லிக் குண்டானைத் திறந்து, ஆவி முகத்தில் அடிக்க அடிக்க முதல் இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொள்கிறாள் சூர்யகலா. மெல்கிறாள். அப்புறம்தான் ஷட்டரைத் தூக்கச் சொல்லிக் கை எழும்புகிறது. கை எழும்பாவிட்டால், ஆரணி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எத்தனை பேர் பசியோடு நின்றாலும் ஷட்டர் ஏறாது. "பசிக்கிறவன் கொஞ்ச நேரம் நிப்பான். கல்லு இட்லி துன்னவன் நாளைக்கு வருவானா?" என்பாள்.

போர்டில் ஏதோ சாமி பெயர் இருக்கிறது. ஊருக்கு அது கலாக்கா ஓட்டல். அவள் வீட்டுக்காரர் ஜெகநாதன் விசைத்தறி ஓட்டுகிறவர். இருபத்துநாலு மணி நேரமும் தறி அடிக்கிற வீட்டில் குடும்பம் நடத்தியவளுக்கு மெதுவாகப் பேச எங்கிருந்து வரும்? ரகசியம் பேசினாலே தெருமுனை வரைக்கும் கேட்கும். அப்படிப்பட்ட தொண்டையை வைத்துக்கொண்டு கடையில் அவள் போட்ட சட்டத்தைக் கேட்டால் சிரிப்பு வரும்: சாப்பிடுகிறவர்கள் எதிரில் நம் ஆளை யாரும் திட்டக்கூடாது.

அது சும்மா வந்த சட்டமில்லை. இதே கடைக்குக் காய் நறுக்கத்தான் முதலில் வந்தாள். பழைய முதலாளிக்குக் கோபம் வந்தால் ஹாலில் நின்றே சமையல்காரர்களின் அப்பன் ஆத்தாளை எல்லாம் இழுப்பார். இலையில் கை வைத்தவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அவர் கடையை விட்டுவிட்டுப் போனபோது இவள் குத்தகைக்கு எடுத்தாள். எடுத்த அன்றே கல்லாப்பெட்டி மூலையில் ஓர் எவர்சில்வர் டம்ளரை வைத்தாள்.

யாருக்கு யார் மேல் வருத்தம் என்றாலும் அந்த டம்ளரைக் கவிழ்த்துவிட்டு வேலையைப் பார்க்க வேண்டும். கூட்டம் ஓய்ந்ததும் எல்லாரும் சுற்றி உட்காருவார்கள். கவிழ்த்தவர் பேசுவார், மற்றவர் கேட்பார். மனசு ஆறினால், வருத்தப்பட்டவரே டம்ளரை நிமிர்த்துவார். தப்பு செய்தவர் எல்லாருக்கும் டீ போட வேண்டும். அவ்வளவுதான். "வூட்டுக்குத் தூக்கிகினு போவாதீங்கப்பா, இங்கியே எறக்கிட்டுப் போங்க" என்பாள். சப்ளையர் சதீஷ் ஆரம்பத்தில் போட்ட டீயை வாயில் வைக்க முடியாது. இப்போது கடையிலேயே நல்ல டீ அவன் போடுவதுதான். அத்தனை தப்பு!

ஆனால் சூர்யகலா மேல் மட்டும் இதுவரை யாரும் டம்ளரைக் கவிழ்த்ததில்லை. "மொதலாளி மேல எவன்கா கவுப்பான்?" என்று சதீஷ் கேட்டபோது, "ஏன்டா, நான் இன்னா சாமியா?" என்றாள். சொன்னாளே தவிர, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். தன் மேல் குறையே இல்லை போலும் என்று நினைத்துவிட்டாள் பாவம்.

ஆவணி முகூர்த்த நேரம். பட்டு எடுக்க வந்த கூட்டத்தில் ஊரே நெரிந்துகொண்டிருந்தது. வந்தவாசிப் பக்கத்திலிருந்து ஒரு நைனார் குடும்பம், சமணர்கள், போனில் சொல்லியிருந்தார்கள்: கல்யாணப் புடவை எடுத்துவிட்டு வருகிறோம், சாப்பாட்டில் வெங்காயம், பூண்டு, கிழங்கு கூடாது, பொழுது சாய்வதற்குள் இலை போட்டுவிட வேண்டும், சாய்ந்துவிட்டால் சாப்பிடமாட்டோம்.

வந்தார்கள், உட்கார்ந்தார்கள். சதீஷ் சாம்பார் வாளியோடு வந்து முதல் கரண்டியைச் சாய்த்தான். சின்ன வெங்காயம் உருண்டு வந்து சோற்றின் மேல் விழுந்தது. அந்த வீட்டுப் பெரியம்மா இலையைத் தள்ளவில்லை, முகம் சுளிக்கவில்லை. சோற்றிலிருந்து கையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

சூர்யகலாவுக்குக் கண் மண் தெரியவில்லை. "மாஸ்டரே! சொன்னது காதுல ஏறலியா? இன்னா பண்ணி வெச்சிகீறீங்க? நல்ல நாளும் அதுவுமா இப்பிடியா பேஜார் பண்ணுவீங்க?"

தறியை நிறுத்தினது போல ஹால் அடங்கிப்போனது.

சமையல் மாஸ்டர் அருணாச்சலம் கலசப்பாக்கத்துக்காரர். அதிர்ந்து பேசாதவர். செய்யாறில் ஒரு கம்பெனி கேன்டீனுக்கு வரச்சொல்லி அவரை ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பஸ் கூட வீட்டருகே வரும் என்கிறார்கள். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். கடையில் அவரவர் ஏப்ரனை அவரவரே வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்து வருவது வழக்கம். வேலையை விட்டு நிற்கிறவர்கள் மட்டும்தான் அதை ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். அருணாச்சலம் அடுப்பைத் தணித்தார். ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பின்வாசலுக்கு நடந்தார்.

அப்போது பாத்திரம் கழுவும் பொன்னம்மாள், ஹால் பக்கமே வராத மனுஷி, ஈரக் கையோடு விடுவிடுவென்று வந்து கல்லாவில் இருந்த டம்ளரைக் கவிழ்த்தாள்.

"யார் மேலக்கா?" என்றாள் சூர்யகலா.

"உம் மேலதான். பொழுது சாயறதுக்குள்ள எல போடணும்னு சொன்ன. வெங்காயத்தப் பத்தி நீ வாயே தொறக்கல கலா. நாங்க எல்லாந்தான இருந்தோம்."

சொல்லவில்லையா? யோசித்துப் பார்த்தாள். போன் வந்தபோது வீட்டில் இருந்தாள். தறிச் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு எல்லாம் கேட்டாள். கடைக்கு வரும் வழியெல்லாம் நேரம், நேரம் என்று அதையே நினைத்துக்கொண்டு வந்து அதை மட்டும் சொன்னாள். அடிப்பாவி! தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காது மடல் சுட்டது. பழைய முதலாளியின் குரல் தன் தொண்டையிலிருந்தே வந்திருக்கிறது.

"பின்னாடி நிக்கிறாருக்கா, போயி ஒரு வார்த்த சொல்லிடுங்க" என்று சதீஷ் கிசுகிசுத்தான்.

"ஊரக் கூட்டித் திட்டிட்டு, சந்துல போயி கால்ல உழறதா? அது இன்னாடா நாயம்?"

பின்வாசலுக்குப் போனாள். அருணாச்சலம் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். "கெளம்பறேங்க" என்றார்.

"போறதுன்னா போங்க மாஸ்டரே. ஹாலு வழியாப் போங்க. அத மட்டும் செய்ங்க."

என்ன நினைத்தாரோ, வந்தார். நடு ஹாலில் சூர்யகலா நின்றாள். அதே தொண்டை, அதே சத்தம். "எல்லாருக்கும் சொல்றேன். தப்பு என்து. இவங்க போன்ல சொன்னத நான் மாஸ்டருக்குச் சொல்லவே இல்ல. சொல்லாம உட்டதும் தப்பு, அவரத் திட்டுனது அதவிடத் தப்பு." பெரியம்மா பக்கம் திரும்பிக் கை கூப்பினாள்.

"பரவால்லம்மா. தயிரும் சோறும் போதும். பொழுது மட்டும் சாயக்கூடாது" என்றார் பெரியம்மா.

வெயில் வாசல்படி வரைக்கும் இறங்கிவிட்டது. சூர்யகலா அதற்குமேல் நிற்கவில்லை. ஆணியில் தொங்கிய ஏப்ரனை எடுத்துத் தானே கட்டிக்கொண்டு தேங்காயை உடைத்தாள். மாஸ்டர் போவாரா இருப்பாரா என்று திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. துருவிக்கொண்டே இருந்தாள்.

முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. "தேங்காய் சாதம் போதாதுங்க. பொடலங்கா கூட்டு வெச்சிடலாம். சதீஷு, இஞ்சியக் கீழ வை, அதுவும் மண்ணுக்கு அடியில வெளயறதுதான். கலாம்மா, நீங்க ஜல்தியாத் துருவுங்க."

"சரிங்க மாஸ்டரே" என்றாள், முதல் நாள் வேலைக்கு வந்தவள் மாதிரி.

வாசலில் வெயில் மிச்சம் இருக்கும்போதே தேங்காய் சாதமும் கூட்டும் தக்காளி ரசமும் இலைக்கு வந்தன. பெரியம்மா ரசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது சமையலறை ஜன்னலில் எட்டிப் பார்த்து, "கல்யாணத்துக்கு நீங்களே வந்து சமைக்கிறீங்களா?" என்று கேட்டார். அவங்களைக் கேளுங்க என்பதுபோல அருணாச்சலம் சூர்யகலாவைக் கை காட்டினார்.

கூட்டம் ஓய்ந்தது. சூர்யகலா டீ போட்டாள். இத்தனை வருஷத்தில் தப்புக்காக அவள் போடுகிற முதல் டீ. சர்க்கரை தூக்கலாகத்தான் இருந்தது, யாரும் சொல்லவில்லை. அருணாச்சலம் எழுந்து போய் டம்ளரை நிமிர்த்தி வைத்தார். செய்யாறைப் பற்றி அவர் பேசவில்லை.

குழாயடியில் உட்கார்ந்து ஏப்ரனில் சோப்புப் போட ஆரம்பித்தாள். தான் கட்டி அழுக்காக்கியதைத் தானே துவைத்து ஆணியில் மாட்டிவிட வேண்டும். அப்புறம் அவர் இஷ்டம்.

பின்னால் வந்து நின்ற அருணாச்சலம் குனிந்து அதை அவள் கையிலிருந்து வாங்கினார். சோப்பு நுரையோடு அப்படியே முறுக்கிப் பிழிந்தார்.

"வூட்ல தொவைச்சிக்கிறேங்க" என்று சொல்லி, ஈரம் சொட்டச் சொட்ட வண்டிப் பையில் போட்டுக்கொண்டார்.