குலுக்கல் பானையும் பன்னிரண்டு பெரிய கிளப்புகளும்

எங்கள் ஒக்லாந்துத் தமிழ் உதைபந்தாட்டப் போட்டியில் எந்த அணி எந்த அணியோடு மோதும் என்பதை ஒரு ரைஸ் குக்கரின் உள்பானை தீர்மானிக்கும். எட்டு அணிகளின் பெயர்களைத் துண்டுக் கடதாசியில் எழுதிச் சுருட்டிப் பானைக்குள் போடுவோம். முந்தைய ஆண்டு கடைசி இடம் வந்த அணியின் தலைவர் கையை விட்டு எடுப்பார். தோற்றவனுக்குக் கொடுக்கும் மரியாதை அது. யார் தொடங்கி வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் வந்தபோதே பானை இருந்தது.

இரண்டு ஆண்டுகளாகப் பானைக்குள் கை விட்டவன் என் நண்பன். மன்னார்க்காரன். பென்ரோஸில் ஒரு களஞ்சியசாலையில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். அவனோடு வேலை செய்கிற தமிழர்கள்தான் அவனுடைய அணி. அவர்கள் பெரும்பாலும் ஒன்பது பேராகத்தான் மைதானத்துக்கு வருவார்கள். யாராவது கேலி செய்தால், "நாங்கள் ஒன்பது பேரெண்டாலும் பந்து ஒண்டுதானே மச்சான்" என்பான். ஆட்கள் இப்படிப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவதையெல்லாம் பொறுக்கி வைப்பது என் பழக்கம். பள்ளிக்கூடம் எனக்கு அதிகம் கொடுக்கவில்லை. கதைக்கிற வாய்கள்தான் கொடுத்தன.

நான் பேருந்து ஓட்டுகிறேன். த்ரீ கிங்ஸ் பகுதி அணிக்குச் செயலாளர். எங்களுடையது பெரிய அணி. துறைமுகப் பாலத்துக்கு அப்பால் ஆல்பனியில் இருக்கிற தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் அணியும் பெரியது, மேற்குப் பக்கத்து அணியும் பெரியது. கிண்ணம் இந்த மூன்று வீட்டுக்குள்தான் சுற்றும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஆல்பனி அணித் தலைவர் எங்களையும் மேற்குப் பக்கத்து அணியையும் வீட்டுக்குக் கூப்பிட்டார். கணினித் துறையில் வேலை. எதையும் படம் போட்டு விளக்குகிற மனிதர். தோசை சூடாக வந்துகொண்டே இருந்தது. விஷயம் இதுதான்: இனிமேல் நம் மூன்று அணிகளும் விளையாடாமலே அரையிறுதிக்குப் போகும். மற்ற ஐந்து அணிகளும் மிச்சமிருக்கிற ஓர் இடத்துக்காகக் காலையில் மோதட்டும். மற்ற அணிகள் ஒத்துக்கொள்ளாவிட்டால் நாங்கள் மூவரும் வெளியேறித் தனியாகப் போட்டி நடத்துவோம்.

"நம்ம மேட்ச் பாக்கத்தானேண்ணா ஜனம் வருது," என்றார் அவர்.

அது நியாயமாகவே பட்டது. நான்காவது தோசைக்கும் ஐந்தாவது தோசைக்கும் இடையில் அதைச் சொல்லும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை காலை, பேருந்து நிலையத்தில் தேநீர் இடைவேளை. கைபேசியைத் திறந்தால் ஐரோப்பாவில் இடி விழுந்திருந்தது. பன்னிரண்டு பெரிய கிளப்புகள் கூட்டுச் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு லீக் தொடங்கப் போகின்றனவாம். தொடங்கிய கிளப்புகளுக்கு நிரந்தர இடம். எத்தனை தடவை தோற்றாலும் யாரும் வெளியே தள்ள முடியாது. அந்தப் பன்னிரண்டில் ஒன்று நான் இருபத்தைந்து வருடமாக அதிகாலையில் எழும்பிப் பார்த்த கிளப். எனக்கு வந்த கோபத்தில் தேநீரை அப்படியே வைத்துவிட்டு, எட்டு அணிகளும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் நான்கு நிமிடம் குரல் பதிவு போட்டேன்.

"தோக்கப் பயமில்லாதவன் விளையாட்டுக்காரனோ? சின்னக் கிளப் ஒண்டு மேல ஏறி வந்து பெரியவனை விழுத்திற நாள் ஒண்டு இருக்கெண்டுதானே நாங்கள் அலாரம் வச்சு எழும்புறம். கதவை உள்ளுக்கால பூட்டிப்போட்டு விளையாடுறதுக்குப் பேர் விளையாட்டில்லை!"

நன்றாகத்தான் கதைத்தேன். அதுதான் பிரச்சினையாகப் போய்விட்டது.

பத்து நிமிடத்தில் பென்ரோஸ்காரன் கூப்பிட்டான். "மச்சான், உன்ர குரலை இப்ப ஸ்மோக்கோ பிரேக்கில எல்லாருக்கும் போட்டுக் காட்டினனான். பெடியள் கை தட்டுறாங்கள். திருப்பிப் போடு, திருப்பிப் போடு எண்டு நிக்கிறாங்கள்!"

அழைப்பை வைத்ததும் ஆல்பனித் தலைவரின் செய்தி வந்திருந்தது. தனியாக, எனக்கு மட்டும். "அண்ணா, செமயா பேசினீங்க. ஒரே ஒரு டவுட். சனிக்கிழமை நாம கையெழுத்து போட்டது என்னண்ணா?" பின்னால் ஒரு சிரிப்புப் பொம்மை.

சத்தியமாக அதுவரை எனக்கு உறைக்கவில்லை. அடுத்த ஓட்டத்தில் ஒரு நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அது வேறு, இது வேறு என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அவர்கள் கோடீஸ்வரர்கள், நாங்கள் சனிக்கிழமைக்காரர்கள். இரவுச் சாப்பாட்டில் இதை மனைவியிடம் சொன்னேன். அவள் பருப்பைப் பரிமாறிக்கொண்டே, "ரெண்டையும் நீங்கள் ஒருத்தர்தானே செய்தனீங்கள்?" என்று கேட்டாள்.

புதன்கிழமை காலை விடிந்தபோது ஐரோப்பாக் கூட்டு உடைந்துகொண்டிருந்தது. ரசிகர்கள் தெருவுக்கு வந்திருந்தார்கள். அதுவும் அந்தப் பெரிய கிளப்புகளின் சொந்த ரசிகர்கள். ஓரிடத்தில் தங்கள் அணியின் பேருந்தையே போக விடாமல் மறித்து நின்றார்கள். எல்லாரும் கூட்டத்தைப் பார்த்திருப்பார்கள். நான் பார்த்தது அந்தப் பேருந்தின் ஓட்டுநரைத்தான். என்ன செய்வான், பாவம். உள்ளே பெரியவர்கள், வெளியே சனம், கை ஸ்டியரிங்கில். ஹாரன் அடிப்பதா, இறங்கி நிற்பதா?

அன்று மாலைதான் எங்கள் எட்டு அணிகளின் கூட்டம், தேவாலய மண்டபத்தில். நான் அரை மணித்தியாலம் முந்திப் போய்க் கார் நிறுத்துமிடத்தில் பென்ரோஸ்காரனுக்காகக் காத்து நின்றேன். வேலை உடுப்போடு, மஞ்சள் மேலங்கியோடு வந்திறங்கினான். என்னைக் கண்டதும் கட்டிப்பிடிக்க வந்தான். நான் விலகி நின்று எல்லாவற்றையும் சொன்னேன். தோசை உட்பட.

"உன்ர குரலை நாப்பது தரம் போட்டிருப்பன்ரா," என்றான். பிறகு, "அப்ப எது பொய்? குரலோ, கையெழுத்தோ?"

"கையெழுத்துத்தான்."

"அப்ப அதை உள்ள வந்து சொல்லு. எனக்கு மட்டும் சொல்லி என்ன பிரயோசனம்?"

உள்ளே ஆல்பனித் தலைவர் கடிதத்தை வாசித்தார். வாசித்து முடித்ததும் நான் எழும்பி, எங்கள் அணி இதில் இல்லை என்றேன். என் சொந்த அணிக்காரர்கள் பின்வரிசையில் முணுமுணுத்தார்கள். மேற்குப் பக்கத்துத் தலைவர் கையை விரித்து, "அப்ப நாங்கள் ரெண்டு பேரும் தனிய லீக் நடத்திறதே? ஒரே மட்ச்தான் வரும். அதுவே ஃபைனல்!" என்றார். மண்டபம் சிரித்துவிட்டது.

ஆல்பனித் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கெட்டவர் அல்ல. "நான் ஒரு விஷயம் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. போன வருஷம் எங்க ஆளுங்க குழந்தை குட்டியோட பாலத்தைத் தாண்டி காலைல எட்டு மணிக்கு வந்து நின்னாங்க. எதிர்ல ஒன்பது பேர். கால் மணி நேரத்துல மேட்ச் செத்துடுச்சு. எங்களுக்கும் வருத்தம் இருக்காதா?"

எல்லாரும் பென்ரோஸ்காரனைப் பார்த்தோம்.

"ஆசையில ஒன்பது பேராய் வாறமோ? சனிக்கிழமை எங்களுக்கு ஷிஃப்ட் முடியிறது பதினொரு மணிக்கு. எட்டு மணிக்கு மட்ச் போட்டால் லீவு கிடைச்சவன்தான் வருவான். நேரம் போடேக்கை ஒருநாளாவது எங்களைக் கேட்டனீங்களோ?"

கேட்டதில்லை. யார் கேட்பது? நேரம் போடும் குழுவில் என்றைக்கும் பெரிய அணி மூன்றின் ஆட்கள்தான் இருந்தோம். அந்தக் கடிதத்துக்கு முன்பே கதவு பூட்டித்தான் இருந்தது என்பது எனக்கு அந்த நிமிடம்தான் விளங்கியது.

பிறகு நடந்தது ஒரு பேரம். பெரிய அணி மூன்றும் முதல் சுற்றில் ஒன்றோடொன்று மோதாது. அது எங்களுக்குக் கிடைத்தது. பானை இருக்கும். பென்ரோஸின் முதல் ஆட்டம் மத்தியானத்துக்குப் பிறகு. கடைசி இடம் வருகிற அணிக்குப் பானையில் ஒரு கையோடு நேரம் போடும் குழுவில் ஒரு கதிரையும். அந்தக் கதிரையை முன்மொழிந்தது ஆல்பனித் தலைவர்தான்.

ஐரோப்பாவிலும் கதை அன்றோடு முடியவில்லை. பெரிய கிளப்புகள் பெரும்பாலும் மன்னிப்புக் கேட்டுத் திரும்பி வந்தன. ஆனால் அங்கே கால்பந்தை ஆள்கிற சபையின் மேசையில் கிளப்புகளின் பொதுச் சங்கத்தின் குரல் இன்னும் கனமானது. போட்டியின் அமைப்பும் மாறி, பெரியவர்களுக்கு ஆட்டங்கள் கூடின. போய்விடுவோம் என்று சொல்லக்கூடியவன் போகாமலே பாதியை வாங்கிவிடுகிறான். நாங்களும் அதைத்தானே செய்தோம், முதல் சுற்றுச் சலுகையை வாங்கிக்கொண்டு. ஆனாலும் தெருவில் நின்ற சனத்தை இனி யாரும் கணக்கில் எடுக்காமல் விட முடியாது. அதை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

மே மாதக் குலுக்கலில் பென்ரோஸ்காரன் பானைக்குள் கை விட்டுத் தன் அணியோடு மோத எங்கள் அணியின் பெயரையே எடுத்தான். கடதாசியை எனக்கு முன்னால் பிடித்து, "வா மச்சான், இப்ப காலால கதை பாப்பம்," என்றான்.

ஜூன் மாத நீண்ட வார இறுதி, பிற்பகல் ஒரு மணி. மூன்றுக்கு இரண்டு என்று நாங்கள் வென்றோம். கடைசி நிமிடம்வரை யார் வெல்வார்கள் என்று சொல்ல முடியவில்லை. ஆட்டம் முடிந்து கை கொடுக்கப் போனபோது, தோற்ற அணியின் தலைவன் என் தோளைப் பிடித்துத் திருப்பி எல்லைக்கோட்டுப் பக்கம் காட்டினான். அங்கே மாற்று ஆட்டக்காரருக்கான வாங்கில் மேலங்கியைப் போர்த்தியபடி ஓர் ஆள் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியே," என்றான். "எங்களிட்டயும் இப்ப சும்மா இருக்கிறதுக்கு ஒராள் இருக்கு."