சின்னம்மாவின் கொம்பியூட்டரும் என் இரண்டு விரலும்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கள் ஊர் ஓர்ஸ் ஹில்லில் இரண்டு மாடிக் கடை, மூன்று வள்ளம், சண்டையில் ஒருதரமும் கடல் பொங்கியதில் ஒருதரமும் அழிந்துபோய்த் திரும்பவும் எழுப்பிய, மீனுக்கு ஐஸ் போடும் வாடி, எல்லாம் இந்தக் கையால் வந்தவை. ஆனால் இந்தக் கை செய்த முதல் வேலையைத்தான் ஒருவரும் எழுதவில்லை. சின்னம்மாவின் கொம்பியூட்டர் வகுப்புக்கு நினைவு மலர் போடுகிறார்களாம். அதில், "பழுதைத் திருத்தியவர் மாமா" என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

எனக்கு அப்போது பத்து வயது. கப்பல் ரேடியோ திருத்துகிற மாமா பழைய கொம்பியூட்டர் ஒன்றைத் தன் தங்கைக்கு, அதாவது எங்கள் சின்னம்மாவுக்கு, கொண்டுவந்து கொடுத்திருந்தார். இது நடந்த அன்று மூன்று மணிக்குப் பங்குப் பாதர் அதைப் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்தால் கோயில் மண்டபத்தில் வகுப்பு நடத்தலாம். இல்லையென்றால் சின்னம்மா கொழும்புக்குத் தையல் வேலைக்குப் போகவேண்டும். வீட்டில் அப்படித்தான் முடிவு.

துறைமுகத்து உப்புக்காற்றுப் படாமல் இருக்க, மாதா சுரூபத்துக்கென்று துளைத் துளையாய்ப் பின்னிய லேசுத் துணியால் சின்னம்மா அதை மூடி வைத்திருந்தார். எழுத்துகள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று பார்க்க நான் துணியை இழுத்தேன். லேசு, திரைக்குப் போகும் வயரின் முனையில் கொளுவிக்கொண்டது. நான் விடுகிற ஆளா? பலமாக இழுத்தேன். வயர் செருகும் சொக்கெற், உள்ளே இருந்த பலகையிலிருந்து பிய்ந்து தொங்கியது.

மாமா ஓடிவந்தார். "ஆரடா இழுத்தது?"

சின்னம்மா குனிந்து அந்த வயர் முனையைத் தடவிப் பார்த்தார். பிறகு கையைப் பொத்திக்கொண்டு, "ஒருத்தரும் இழுக்கேல்ல அண்ணா. உப்புக்காத்து திண்டுட்டுது" என்றார்.

தப்பிவிட்டேன் என்று எனக்கு ஒரே புளுகம், துள்ளிக் குதிக்காத குறை.

மாமா செத்துப்போன வேறொரு பலகையிலிருந்து சொக்கெற் ஒன்றைக் கழற்றினார். அதற்கு ஒன்பது கால். எங்கள் பலகையில் ஒட்டியிருந்த மிச்ச ஈயத்தை உருக்கி, தையல் ஊசியால் அதன் துளைகளைத் துப்புரவாக்கி, அதை வைத்தார்.

"அசையாமப் பிடியடா."

"சுடுது மாமா! ஏலாது!"

"சுடும்தான். உப்புக்காத்துக்கு விரல் இல்லை, உனக்கு இருக்குத்தானே? பிடி!"

ஒன்பது காலுக்கும் ஈயம் வைத்து முடியும்வரை இரண்டு விரலால் பிடித்ததை நான் விடவில்லை. மூன்று மணிக்குப் பாதருக்கு முன்னால் பச்சை எழுத்து மின்னியது. சின்னம்மா கொழும்புக்குப் போகவில்லை.

அந்தப் பொத்திய கைக்குள் வயர் முனையில் சிக்கிய லேசு நூல் இருந்தது என்பது எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை. உப்புக்காற்றுக்கு விரல் இல்லை என்று மாமா கேலி செய்ததும் விளங்கவில்லை. இரண்டு பேரையும் ஏய்த்துவிட்டேன் என்றுதான் வளர்ந்தேன்.

ஆகவே மலர்க் குழுவினரே, அச்சுக்குப் போகுமுன் திருத்துங்கள். சொக்கெற்றைப் பிடித்தவன் நான். பிய்த்தவனும் நான். இரண்டையும் போடுங்கள், முதலாவதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில்.