பத்துக்கு ஒன்று உடையும்

மூக்கு நுனியால்தான் குப்புராஜ் கைபேசியைத் திறப்பார். விரல்கள் பத்திலும் சிமெண்டுப் பால் காய்ந்து கிடக்கும். அந்தக் கையால் தொட்டால் திரை மதிக்காது. அதனால் சுவரோரம் செங்கல்லில் சாய்த்து வைத்த கைபேசிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, சாமி கும்பிடுகிறவர்போலக் குனிந்து, மூக்கால் ஒரு தள்ளு. திரை முழுக்க மூக்குத் தடம். பிறகு எட்டூருக்குக் கேட்கிற குரலில் வாசிப்பார்:

"இளம்பரிதியிடமும் வெண்மதியிடமும் உள்ள நெல்லிக்காய்கள் மூன்றுக்கு ஐந்து என்ற விகிதத்தில் உள்ளன. வெண்மதியிடம் பதினான்கு நெல்லிக்காய்கள் அதிகம். இருவரிடமும் சேர்த்து எத்தனை?"

வாசித்து முடித்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு. என் சமையலறைத் தரை பாதியில் கிடக்கிறது. சட்டியில் கலந்து வைத்த கலவை இறுகிக்கொண்டிருக்கிறது. மனிதர் நெல்லிக்காய்க்குப் போய்விட்டார்.

"ரெண்டே நிமிசங்க்கா. டைல்ஸ் எங்க ஓடிடப் போவுது?"

குப்புராஜ் டைல்ஸ் பதிக்கிறவர். வயது நாற்பத்தொன்று. மொரப்பூர்ப் பக்கம் ஒரு சிற்றூர். கடத்தூரில் இருக்கும் என் வீட்டுக்குத் தினமும் காலை எட்டு மணிக்குப் பழைய பைக்கில் வந்துவிடுவார். எட்டிலிருந்து நாலு மணி வரை அவரைப்போல ஒரு வேலைக்காரரை நான் பார்த்ததில்லை. டைல்ஸை ரப்பர் சுத்தியலால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, உள்ளே வெற்றிடம் இருந்தால் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். நாலே கால் ஆனதோ இல்லையோ, கைபேசி கிணுகிணுக்கும். அவர் மகள் காவியா ஐந்தாம் வகுப்பு. அந்த வகுப்புப் பெற்றோர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில், டீச்சர் ஒரு தாய்க்கு அனுப்பும் அன்றைய வீட்டுக்கணக்கு வந்து விழும் நேரம் அது.

கணக்குப் போட அவருக்குத் தாளும் வேண்டாம், பேனாவும் வேண்டாம். ஒரு பழைய பெயிண்ட் வாளி நிறைய டைல்ஸ் துண்டுகள் வைத்திருக்கிறார். வெட்டி எறிந்ததில் ஒரே அளவாகத் தேறியவை. அவற்றுக்கு அவர் வைத்த பெயர் 'பொட்டி'. நெல்லிக்காய்க் கணக்குக்கு மேல் வரிசையில் மூன்று வெள்ளைத் துண்டு, கீழ் வரிசையில் ஐந்து கறுப்புத் துண்டு. சும்மா வைத்துவிட மாட்டார். நூல் பிடித்து, துண்டுக்குத் துண்டு இடைவெளி பார்த்து, கடைசியில் ரசமட்டத்தையும் வைத்துச் சரிபார்ப்பார். நெல்லிக்காய்க்கு ரசமட்டம் வைத்த மனிதர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

"மேல மூணு பொட்டி இளம்பரிதி. கீழ அஞ்சு பொட்டி வெண்மதி. கீழ வரிசை எத்தினி நீட்டிக்கிட்டு நிக்குது பாருங்க? ரெண்டு பொட்டி. அந்த ரெண்டுதான் பதினாலு. அப்ப ஒரு பொட்டிக்குள்ள ஏழு காய். எட்டு பொட்டிக்கு அம்பத்தாறு. முடிஞ்சுது வேல!"

நான் எம்.ஏ. படித்தவள். அதற்குள் நான் எக்ஸ் என்று வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வரிசையைப் படம் எடுத்து, கூடவே குரலையும் பதிந்து குழுவில் போடுவார். குழுவில் தாய்மார்கள்தான், ஆண் இவர் ஒருவர். அவர் மனைவி கம்பெனி வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வருவதால் இவர் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். போட்ட ஐந்தாவது நிமிடம் பதில் வரும். மாடு கறந்துகொண்டே பேசும் நஞ்சம்மாளின் குரல்தான் முதலில்: "அண்ணா, உங்க பொட்டி புரியுதுண்ணா. புஸ்தகந்தான் புரிய மாட்டேங்குது." அதைக் குப்புராஜ் இரண்டு தரம் போட்டுக் கேட்பார். என்னையும் கேட்க வைப்பார்.

இத்தனைக்கும் பள்ளிக்கூடத்தில் கணக்கு என்றால் அவருக்கு வேப்பங்காய். "ஏழாவதுல கணக்கு வாத்தியாரு கொட்டுன எடம் இன்னும் குழியா கெடக்குது. வேணும்னா தொட்டுப் பாருங்க்கா" என்று தலையைக் குனிந்து காட்டினார். நான் தொடவில்லை. எட்டாவது பாதியில் பையைத் தூக்கிப் பரண்மேல் போட்டவர், பிறகு பள்ளிக்கூடப் படி ஏறவே இல்லை. சென்ற வருடம் ஒருநாள், மகள் கணக்குத் தாளை வைத்துக்கொண்டு அழுதிருக்கிறாள். இவர் எட்டிப் பார்த்தார். கட்டம் கட்டமாக ஏதோ வரைந்திருந்தது. "அட, இது நம்ம வேலையாச்சேன்னு பட்டுச்சுங்க்கா. அன்னிக்கி எனக்குத் தூக்கமே வர்ல, அத்தினி சந்தோசம்."

இப்படி ஊருக்கே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவருக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை அடி சறுக்கியது. அதுவும் சொந்தத் தொழிலில்.

அன்று வந்த கணக்கு இது: பன்னிரண்டு அடி நீளமும் பத்து அடி அகலமும் உள்ள அறைக்கு ஓரடிச் சதுர டைல்ஸ் பதிக்க வேண்டும். வெள்ளையும் கறுப்பும் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம். ஒவ்வொன்றும் எத்தனை தேவை? வாசித்து முடித்ததும் குப்புராஜ் துள்ளிவிட்டார். "அக்கா, டைல்ஸ் கணக்குங்க்கா!" வாளியைக்கூடத் தொடவில்லை. வெள்ளை தொண்ணூற்றொன்பது, கறுப்பு முப்பத்துமூன்று என்று ஒரே மூச்சில் குரல் பதிந்து அனுப்பிவிட்டு, என்னிடம் தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

சரியான விடை தொண்ணூறும் முப்பதும். மறுநாள் இருபத்திரண்டு பிள்ளைகளில் பத்தொன்பது பேர் நோட்டில் சிவப்புப் பெருக்கல் குறி. குழுவில் ஒருவர், "யாரோ சொல்றத நம்பி எழுதினா இப்படித்தான்" என்றார். வகுப்பு டீச்சர் மணிமேகலை குழுவில் போடச் சொன்ன செய்தி அதற்குக் கீழே: 'வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பெற்றோர் கூட்டம். டைல்ஸ் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் கட்டாயம் வர வேண்டும்.' காவியா அழுதுகொண்டே, "இனிமே என் கணக்குல நீ கை வெக்காதப்பா" என்று சொல்லிவிட்டு, அத்தோடு அப்பாவிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். குப்புராஜ் குழுவிலிருந்து விலகிவிட்டார்.

அடுத்த இரண்டு நாளில் நாலு நாள் வேலையை முடித்தார். நாலே கால் மணிக்குத் தலை நிமிரவில்லை. செங்கல் இருந்தது, கைபேசி சட்டைப் பையில் கிடந்தது. என் சமையலறைத் தரை கண்ணாடியாக மின்னியது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிடாமல் வந்து நின்றார். "பள்ளிக்கூடத்துக்குள்ள போயி இருவத்தெட்டு வருசம் ஆவுதுங்க்கா. புள்ளைய வாசல் வரைக்கும்தான் கொண்டாந்து விடுவேன். என்னைய கண்டபடி திட்டுனாலும் பரவால்ல, காவியா எதுர்ல திட்டக் கூடாது. நீங்க படிச்சவங்க, கூட வந்து நில்லுங்க்கா." அந்த வாளியையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். எடுத்துக்கொண்டார், ஆனால் மேலே துண்டைப் போட்டு மூடிவிட்டார்.

வகுப்பறையில் பிள்ளைகளின் குட்டிப் பெஞ்சுகளில் தாய்மார்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். மேசைமேல் பத்தொன்பது நோட்டு அடுக்கி வைத்திருந்தது. மணிமேகலை டீச்சர் சின்ன உருவம், பெரிய கண்ணாடி.

"இந்தத் தொண்ணூத்தொம்பது யாருங்க?" என்றார்.

கதவோரம் நின்ற குப்புராஜ் கையைத் தூக்கினார்.

"பத்தொன்பது பேர் ஒரே தப்பு. பார்த்து எழுதினதுன்னு தெரியுது. ஆனா மூணுக்கு ஒண்ணு துளி பிசகலை. நானும் ரெண்டு நாளா யோசிக்கிறேன், மொத்தத்துல பன்னெண்டு டைல்ஸ் கூடுதலா எங்கிருந்துங்க வந்துச்சு?"

"வேஸ்டேஜ்ங்க டீச்சர்."

"என்னது?"

"பத்துக்கு ஒண்ணு ஒடையுங்க. எறக்கறப்ப ரெண்டு போவும். மூலைக்கு வெட்டறப்ப நாலஞ்சு போவும். நூத்திருவது மட்டும் வாங்குங்கன்னு எந்த வூட்லயும் நான் சொன்னதே இல்லீங்க. அந்த ரூமு பாதியில நின்னு போயிடுமேன்னு..." குரல் இறங்கிவிட்டது.

முதலில் நஞ்சம்மாள் சிரித்தார். பிறகு வகுப்பே சிரித்தது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அண்ணா, கணக்குல டைல்ஸ் ஒடையாதுங்க!"

"அது எனக்குத் தெரியாமப் போச்சுங்க டீச்சர்" என்றார் குப்புராஜ், மெய்யான வருத்தத்தோடு.

"வாளியில என்ன?" என்று கேட்டு டீச்சரே துண்டை விலக்கிப் பார்த்தார். பார்த்தவர் சட்டென்று ஒரு கணக்குச் சொன்னார். ஒரு கூடையில் மாம்பழம். அதில் ஐந்தில் இரண்டு பங்கு பக்கத்து வீட்டுக்கு. மீதியில் மூன்றில் ஒரு பங்கு அத்தை வீட்டுக்கு. கடைசியில் பன்னிரண்டு பழம் மிச்சம். முதலில் எத்தனை?

குப்புராஜ் தரையில் குந்தினார். ஐந்து துண்டுகளை வரிசையாக வைத்தார். "இது கூடை. ரெண்டு பொட்டி பக்கத்து வூட்டுக்குப் போயாச்சு." இரண்டைத் தள்ளினார். "மீதி மூணு. மூணுல ஒண்ணு அத்தைக்கு." ஒன்றைத் தள்ளினார். தாய்மார்கள் எழுந்து வந்து சுற்றி நின்றுவிட்டார்கள். "மிச்சம் ரெண்டு பொட்டி. அதுல பன்னெண்டு பழம். ஒரு பொட்டிக்கு ஆறு. மொத்தம் அஞ்சு பொட்டி..."

"முப்பது!" என்று ஏழெட்டுத் தாய்மார்கள் ஒன்றாகக் கத்தினார்கள்.

அந்தச் சத்தம் அடங்குமுன் ஜன்னலில் இருந்து காவியாவின் குரல் வந்தது. "அப்பா, மூணாவது பொட்டி கோணலா இருக்குது!"

குப்புராஜ் அவசரமாக அதை நேராக்கினார். இரண்டு நாளுக்குப் பிறகு மகள் பேசிய முதல் பேச்சு அது. அவர் முகத்தை நான் பார்த்தேன். எனக்கே மனது நிறைந்துவிட்டது. கிளம்பும்போது டீச்சர் வாளியைத் திருப்பித் தரவில்லை. அது இங்கேயே இருக்கட்டும், திங்கட்கிழமை நானும் பொட்டி வைத்துத்தான் நடத்தப் போகிறேன் என்றார்.

திங்கட்கிழமை என் வீட்டில் கடைசி வேலையாகக் குளியலறை நடந்துகொண்டிருந்தது. செங்கல் தன் இடத்துக்கு வந்திருந்தது, அதில் கைபேசியும் சாய்ந்திருந்தது. நாலே காலுக்குக் கிணுகிணுத்தது. குழுவில் அவரை மறுபடி சேர்த்திருந்தார்கள். குனிந்தார், மூக்கால் தள்ளினார், பெருங்குரலில் தொடங்கினார்:

"குப்புராஜ் என்பவர்..."

நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து மெல்ல வாசித்தார்.

"குப்புராஜ் என்பவர் டைல்ஸ் பதிப்பதில் வல்லவர். ஓர் அறைக்கு நூற்றிருபது டைல்ஸ் தேவை. பத்துக்கு ஒன்று உடையும் என்பதால் அந்த வீதத்தில் அவர் கூடுதலாக வாங்கச் சொல்கிறார். வெள்ளையும் கறுப்பும் மூன்றுக்கு ஒன்று எனில், ஒவ்வொன்றும் எத்தனை வாங்க வேண்டும்?"

விடை அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பத்தொன்பது பிள்ளைகளுக்கும் தெரியும். தொண்ணூற்றொன்பது, முப்பத்துமூன்று. அவர் சொல்லவில்லை. எழுந்து கொல்லைக் குழாயடிக்குப் போனார். சோப்புப் போட்டு, தேங்காய் நாரால் ஒவ்வொரு விரலாகத் தேய்த்தார். நகக் கண்ணில் இருந்த சிமெண்டைச் சுரண்டி எடுத்தார். துண்டில் துடைத்தார், போதாதென்று சட்டையிலும் துடைத்தார். பிறகு வந்து உட்கார்ந்து, கைபேசியை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார்.