மச்சானின் குர்பானிக் கத்தி

என் அக்கா ஷம்சாத்தின் கணவர் அபுதாஹிர் மச்சானுக்கு பைப்லைன் கம்பெனியில் வேலை. வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகப்படுவதற்கே சம்பளம். அதை ஆபீஸோடு விட்டுவிட்டு வரக்கூடாதா? மனிதர் அமெரிக்காவில் கேட்டி என்ற ஊரிலிருக்கும் வீடு வரைக்கும் கொண்டுவருவார். பால் கேனில் தேதியைப் படித்த பிறகு மோந்தும் பார்ப்பார்.

போன பக்ரீத்துக்கு ஆட்டுப் பண்ணையில் குர்பானிக்குக் கொடுத்த கத்தி மொக்கை. ஆடு ரொம்ப நேரம் துடித்தது. மச்சான் அன்று கறியைத் தொடவே இல்லை. "வாயில்லா ஜீவனை வதைச்சிட்டோம்டா" என்று கலங்கினார். இந்த வருஷம் கத்தியைத் தானே செய்வதென்று இறங்கிவிட்டார். கடைக் கத்தியை நம்புகிற ஆளா அவர்?

நண்பர் ஒருவர் மெசேஜில் அனுப்பிய செய்முறையை எனக்கும் அக்காவுக்கும் காட்டிவிட்டு, கராஜில் சின்ன கேஸ் உலை வைத்தார். இரண்டு கத்திகளைப் பழுக்கக் காய்ச்சி, காந்தம் ஒட்டாத சூடு வந்ததும் எண்ணெயில் முக்கினார்.

"இப்ப இது கண்ணாடி மாதிரிடா. கீழ விழுந்தாலே உடையும். ஓவன்ல ரெண்டு மணி நேரம் மிதமா சூடு பண்ணாத்தான் உறுதியாகும்."

இரண்டையும் சேர்த்து வைக்கவில்லை. ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டுமாம். முதல் கத்தியை ஓவனில் வைத்துவிட்டு லுஹர் தொழப் போனார். திரும்பிவந்து எடுத்தால், கத்தி பொன்னிறமாக இருந்தது. வெல்டிங்கில் நிறம் மாறினால் கெட்ட சேதி. மச்சானுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஓவனை யார் தொட்டா?"

வேலை தேடிக்கொண்டு அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக் கொண்டிருந்த நான், நல்ல பிள்ளையாகப் போட்டுக் கொடுத்தேன். "அக்காதான் ஏதோ பட்டன் அழுத்தினாங்க."

"ஆமாங்க, ஏன்னா அதுல..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

"பேசாதே! கிச்சன்ல கத்தி வைக்கிறது உனக்கு ஆரம்பத்திலேர்ந்தே பிடிக்கலை. வேணும்னே ஸ்பாயில் பண்ணிட்டே."

அக்கா வாயை மூடிக்கொண்டாள். நான்கு நாள் திறக்கவில்லை.

இரண்டாவது கத்திக்கு ஓவன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார் மச்சான். தண்ணீர் குடிக்கப் போன என்னையும் முறைத்தார். கத்தி வெள்ளை வெளேரென்று வந்தது. "பாத்தியா, நிறமே மாறலை!" என்று என்னிடம்தான் பெருமையடித்தார். அக்காதான் பேசவில்லையே.

பக்ரீத்துக்கு இரண்டு நாள் முன்பு கத்திகளை ஒவ்வொன்றாக மேஜை இடுக்கியில் பூட்டி வளைத்துப் பார்த்தார். பொன்னிறக் கத்தி வளைந்து, விட்டதும் நிமிர்ந்தது. வெள்ளைக் கத்தி படக்கென்று இரண்டாக உடைந்தது.

உடைந்த துண்டோடு உள்ளே அக்காவிடம் போனார். "அன்னைக்கு ஓவன்ல என்ன பண்ணே?"

"நீங்க இருநூறு வச்சிருந்தீங்க. உங்க ஃப்ரெண்டு அனுப்பின மெசேஜ்ல இருநூறு செல்சியஸ்னுதானே இருக்கு? இது ஃபாரன்ஹீட் ஓவன். இருநூறுல பிரியாணி ஆறாம இருக்கும், அவ்வளவுதான். நான் நானூறு வச்சேன்."

"ஏன் சொல்லலை?"

"சொல்ல விட்டீங்களா?"

பன்னிரண்டு வருஷமாக அமெரிக்காவில் இருக்கிறவர். ஓவனை ஒருநாளாவது தொட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் எனக்கு அவரைவிட என்மேல்தான் வெறுப்பு வந்தது. அந்த நான்கு நாளில் பக்கத்து அறையிலிருந்த அக்காவிடம் ஏன் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பக்ரீத் அன்று பண்ணையில் பொன்னிறக் கத்தியை எடுத்தார் மச்சான். பிஸ்மில்லாஹ் சொன்னார். ஒரே இழுப்பு. ஆடு சீக்கிரமே அடங்கிவிட்டது.

திரும்பும்போது காரிலிருந்தே அக்காவுக்கு ஃபோன் போட்டார்.

"துடிச்சுதா?" என்றுதான் அக்கா முதலில் கேட்டாள்.

"இல்லை. உன்னாலதான் ஷம்சாத். என்னை மன்னிச்சிடு. இனிமே உன்னை சந்தேகப்பட மாட்டேன்."

"அது உங்களால முடியாதுங்க. சந்தேகம் வந்தா என்கிட்டயே கேளுங்க. என் தம்பிகிட்ட கேக்காதீங்க."

ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் பக்கத்து சீட்டில்தான் இருந்தேன். அது அக்காவுக்கும் தெரியும்.