டைகருக்குப் புல் ஆகாது

நாய்க்குப் புல் ஆகாமல் போகும் என்பதை நாகர்கோவில் கால்நடை டாக்டர் சொல்லித்தான் அறிந்தோம். விடுமுறைக்கு வந்த அப்பா எனக்காக ஒரு லாப்ரடார் குட்டியை ஆசையாக வாங்கிக் கொடுத்துவிட்டு, மறுபடியும் சவுதிக்கு விமானம் ஏறிவிட்டார். குட்டி வளர்ந்து டைகர் ஆனது. பாதங்களை நக்கி நக்கிச் சிவக்கவைத்தது. வயிற்றைச் சொறிந்து புண்ணாக்கியது. டாக்டர் மாத்திரையும் ஷாம்பூவும் எழுதினார். வெளியே போய் வரும்போதெல்லாம் காலைக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் நிற்காமல் துடைக்க வேண்டும் என்றார். எப்போது சரியாகும் என்று அம்மா கேட்டாள்.

"இது சரியாவுற சோக்கேடு இல்ல, கேட்டியளா. பாத்துப் பாத்துக் கொண்டு போணும்."

எங்கள் பக்கம் வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம். ஒரு மழையில் முளைத்த புல் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அம்மா அடுக்களை வாசலில் குத்தவைத்து டைகரின் காலைத் துடைத்துக்கொண்டிருப்பாள். உள்ளே, எழுந்து நடமாட முடியாத தாத்தா கூப்பிடுவார். அவரைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு அவள் வருவதற்குள் நாய் மறுபடியும் புல்லில் உருண்டிருக்கும். அம்மா அதை அடித்ததில்லை, திட்டியதுகூட இல்லை. திரும்பவும் கிணற்றில் தண்ணீர் கோரப் போவாள்.

யாருக்காவது கொடுத்துவிடு என்று அப்பா போனில் சொன்னார். நான் அழுது அதைத் தடுத்தேன். கடைசியில் முட்டத்தில் இருக்கும் மாமா, தன் வீட்டைச் சுற்றி மணலும் பாறையும்தான், டைகர் கொஞ்ச நாள் அங்கே நிற்கட்டும் என்றார். தாத்தாவைப் பார்த்துக்கொள்ள அப்பாவின் தங்கையான அத்தை வந்தாள். அம்மா நாயை ஆட்டோவில் ஏற்றினாள். புது இடம், அது பழகுகிறவரை கூட இருந்துவிட்டு வருகிறேன் என்றாள்.

நாட்கள் போயின, அம்மா வரவில்லை. ஒரு நாய் பழக இவ்வளவு நாளா என்று அத்தை முணுமுணுக்கத் தொடங்கினாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் மாமா வந்து என்னை பைக்கில் கூட்டிப்போனார். டைகர் வந்த அன்றைக்கே மீன் தின்று வாலாட்டிவிட்டது என்று வழியில் சொன்னார்.

லைட்ஹவுஸுக்குக் கீழே ஒரு பாறையில் அம்மா கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். சும்மா இருந்தாள். அப்படி நான் அவளைப் பார்த்ததே இல்லை. டைகர் மணலில் நண்டுகளை விரட்டிக்கொண்டிருந்தது. வயிற்றுப் புண் ஆறி ரோமம் முளைத்திருந்தது.

"டைகருக்குப் பழகியாச்சுல்லா, வீட்டுக்கு வாம்மா" என்றேன்.

அம்மா கடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னும் பழகல்ல மக்கா. ரெண்டு நாளு கூட கெடக்கட்டு."

எனக்குச் சிரிப்பாக இருந்தது. நாயைப் பற்றி அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வாலைப் பார், ஓட்டத்தைப் பார், குரைப்பதைக் கேள் என்று ஒவ்வொன்றாக விளக்கத் தொடங்கினேன். அவள் கண்களை மூடியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.