செவலையின் வலப்பக்கம்

கல்முனைக்குடிக் கச்சிமுகம்மது நுவரெலியாவில் ஒரு பந்தயத் தொழுவத்தில் பதினான்கு வருடம் குதிரை பார்த்தவர். ஊர் திரும்பும்போது, வலக்கண் பார்வை போய் ஓட்டத்திலிருந்து கழிக்கப்பட்ட ஒரு செவலைப் பெட்டைக்குதிரையையும் கூட்டி வந்தார்.

"குருட்டுக் குதிரையில ஏறினா கடலுக்குள்ளதான் போய் விழுவாய்" என்று ஊரார் சிரித்தார்கள். அவரோ விடியலில் சுபஹு தொழுதுவிட்டு நாள்தோறும் கடற்கரையில் அதன்மீது ஏறினார். சவுக்கு எடுத்ததே இல்லை. வலப்பக்கம் பள்ளமோ தோணியோ வந்தால், வலது முழங்காலால் மெல்ல அழுத்தி, "ஒதுங்குகா" என்பார். அது ஒதுங்கும். அதன் கண்ணுக்கு எட்டாததை அவர் கால் சொல்லிக்கொடுத்தது.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்கு மறுநாள் காலை, பக்கத்து வீட்டுச் சுல்பிகாவுக்குப் பிள்ளைவலி. பிள்ளை குறுக்கே கிடந்தது. தென்னைகள் சாய்ந்து தெருவெல்லாம் அடைபட்டிருந்ததால், கச்சிமுகம்மது கடலோரமாகவே காரைதீவுக்குக் குதிரையை விட்டார். அங்கே மருத்துவிச்சி செல்லத்தங்கம், ஓடு விழுந்து வீங்கிய காலோடு உட்கார்ந்திருந்தார்.

"வர மனசிருக்கு தம்பி. நடக்கேலாதே."

"நீங்க நடக்க வேணாம் அக்கா. இவள் நடப்பாள்."

ஐம்பது வயதில் முதன்முதலாகக் குதிரையைத் தொட்டவர் அந்த அம்மா. உரலைக் கவிழ்த்து, அதில் கால் வைத்து ஏறி, பிடரிமயிரை இறுகப் பற்றிக்கொண்டார். செவலை முரண்டு பிடித்தது.

"உங்கட பயம் கையால அவளுக்குப் போகுது. கைய இளக்குங்க. இடுப்ப அவள்ற நடைக்கு விட்டுடுங்க. கீழ பாக்காம தூரத்தப் பாருங்க."

கச்சிமுகம்மது குதிரையின் பார்வையற்ற பக்கமாகவே நடந்தார். சாய்ந்தமருதுக் கரையில், போகும்போது இல்லாத வெள்ளம் இப்போது மணலை அறுத்துக் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. செவலை நின்றுவிட்டது. அவர் இடுப்பளவு நீரில் இறங்கிக் கூப்பிட்டும் அசையவில்லை.

"இனி நீங்கதான் சொல்லணும் அக்கா. நல்ல காலால மெதுவாத் தொடுங்க."

செல்லத்தங்கம் குதிங்காலால் தொட்டார். "வா மகளே" என்றார். செவலை நீரில் இறங்கியது.

நண்பகல் லுஹர் பாங்குக்கு முன் அவர் பிள்ளையைத் திருப்பி எடுத்தார். பெண்பிள்ளை, தாயும் பிழைத்தாள்.

தெருக்கள் திறபடும்வரை மூன்று வாரம், பாண்டிருப்பு வரை செல்லத்தங்கம் அந்தக் குதிரையிலேயே பிள்ளைப்பேறு பார்க்கப் போனார். இரண்டாம் வாரம் கடிவாளம் அவர் கையிலேயே இருந்தது. யாராவது கச்சிமுகம்மதுவைப் புகழ்ந்தால், "ஓட்டினது அக்காதான். நான் பக்கத்தில நடந்தன்" என்பார்.